காரணம் கேட்கும் அக்கா

அச்சு மை பதமாக இருக்கிறதா என்று பார்க்க அக்கா கண்ணை மூடிக்கொள்வார். டப்பாவிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒட்டி ஒட்டிப் பிரிப்பார். இழை சட்டென்று அறுந்தால் ஒரு முகம். நூல் மாதிரி நீண்டுகொண்டே போனால் இன்னொரு முகம். அந்த இரண்டாவது முகத்தைப் பார்த்ததும் மிஷின் ஓட்டுகிற டில்லிபாபு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். மிஷின் இனி எப்போது ஓடும் என்று கேட்டால் அக்காவுக்கே தெரியாது.

ஆம்பூர் பைபாஸ் பக்கம் இருந்த அந்த அச்சகத்தில் நான் பிளேட், அதாவது அச்சுத் தகடு, எடுக்கிற அறையில் வேலை பார்த்தேன். ஷூ கம்பெனிகளுக்கான பெட்டி லேபிள், ஷூவில் தொங்கவிடும் அட்டை, இவைதான் எங்களுக்கு வரும் வேலை. அக்கா மை கலக்குபவர். அதற்கு முன்னால் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் நிறம் பொருத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற துண்டுத் தோலைப் பார்த்து, அதே பழுப்பை நம் ஊர் ஆட்டுத்தோலில் கொண்டுவருகிற வேலை. அங்கிருந்து எங்கள் முதலாளி அழைத்து வந்தார். முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

பாய் வாங்கிப் போட்டிருந்தது தண்ணீர் இல்லாத ஆஃப்செட் மிஷின். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்துவிட்டு விற்றது. சாதாரண ஆஃப்செட்டில் பிளேட்டின் மேல் மையோடு தண்ணீரும் ஓடும். எழுத்து இல்லாத இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொண்டு மையை ஒட்டவிடாது. இதில் தண்ணீருக்குப் பதில் பிளேட்டின் மேலேயே ஒரு சிலிக்கான் பூச்சு. மை குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை அந்தப் பூச்சில் ஒட்டாது. சூடேறி இளகிவிட்டால் ஒட்ட ஆரம்பித்துவிடும். வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி மங்கலாகிவிடும். அதை டோனிங் என்பார்கள். அதற்குப் பயந்து ரொம்பக் குளிரவைத்தாலும் பேஜார்தான். மை பிசினாகிக் காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் மை உருளைகளுக்கு உள்ளே எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர்விக்க வெளியே ஒரு சில்லர் உண்டு. எங்கள் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை. ரசாயனத் தண்ணீர் வெளியே விடாத அச்சகமாக இருந்தால்தான் ஆர்டர் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொன்னார்கள், பாய் வாங்கிவிட்டார்.

அக்கா வந்த புதிதில் ஒரு சிவப்பு லேபிள் வேலை ஓடியது. காலையிலிருந்து டோனிங். டில்லிபாபு அண்ணன் வேகத்தைக் குறைத்தார், சில்லரைக் கூட்டினார், மையில் கெட்டிப்படுத்துகிற பசையைச் சேர்த்தார், என்னிடம் வந்து வேறு பிளேட்டும் வாங்கிப் போனார். எல்லாம் ஒரே நேரத்தில். கொஞ்ச நேரம் நன்றாக வரும், மறுபடியும் மங்கும். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, எல்லாத்தையும் காலைல இருந்த மாதிரி வெச்சிடுங்க."

"இன்னாம்மா சொல்ற? அப்ப இன்னும் அழுக்காத்தான வரும்?"

"வரட்டும். ஒரு நேரத்துல ஒண்ணு மாத்தலாம். நாலையும் சேத்து மாத்தினா, நல்லா வந்தாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாது. நாளைக்கு மறுபடி வரும்."

அன்றைக்கு எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்றை மாற்றுவார், கொஞ்சம் காகிதம் ஓட்டச் சொல்வார், தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், பழையபடி வைக்கச் சொல்வார். அப்புறம் அடுத்தது. சாயங்காலம் ஒரு உருளை பிளேட்டின் மேல் ரொம்ப அழுத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது. உரசலிலேயே சூடு. அதைத் தளர்த்தியதும் தாள் வெள்ளையாக வந்தது. டில்லிபாபு அண்ணன் சிரித்துவிட்டு, "ஒண்ணொண்ணா பாத்தா ஓடும்போல இருக்கு" என்றார். அதுவே பெயராகிவிட்டது. அக்கா இல்லாதபோது எல்லோரும் 'ஒண்ணொண்ணா' என்றுதான் சொல்வோம். அக்காவுக்கும் தெரியும்.

அவருக்கு மிஷின் மட்டும் என்று இல்லை. எதுவாக இருந்தாலும் காரணம் வேண்டும். சும்மா ஆச்சு, நேரம் சரியில்லை, கண் பட்டுடுச்சு என்று யாராவது சொன்னால் கோபம் வராது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் மகளுக்குக் காலில் ஒரு சொறி வந்து மாதக்கணக்கில் போகாமல் இருந்தது. களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் வரும். அக்கா கேட்டுவிட்டு, முதலில் சோப்பை மட்டும் மாற்றச் சொன்னார். அது இல்லை. எண்ணெயை நிறுத்தச் சொன்னார். அதுவும் இல்லை. துணி துவைக்கிற பவுடர், காலுறை, என்று ஒன்று ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தார். வாரம் தவறாமல் திங்கள்கிழமை காலையில் பிளேட் அறை வாசலில் வந்து நின்று, "இன்னா, போச்சா?" என்பார். கடைசியில், என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சாம்பிள் ஷூவை நிறுத்தியதும் சொறி போய்விட்டது. அந்தத் தோல் அவளுக்கு ஆகவில்லை. நான் நன்றி சொன்னபோது அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. "பாத்தியா, இருந்துச்சு பாரு" என்றார். தொலைந்த பொருள் கட்டில் அடியில் கிடைத்தால் நமக்கு வருகிற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

அவருடைய வீட்டுக்காரர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். நன்றாகப் பேசுவார். அச்சகத்து வாசலில் அக்காவை இறக்கிவிட வரும்போதெல்லாம் எங்களை வம்புக்கு இழுப்பார். "உங்க அக்கா என்னைக் கல்யாணம் பண்ணதுக்கு இன்னும் காரணம் தேடிக்கினு இருக்குதும்மா, உங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க" என்பார். அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். ஆனால் சிரித்திருப்பார், தோள் குலுங்குவது தெரியும்.

ஒருநாள் அக்கா வீட்டுக்காரருடைய வலது கால் செருப்பு வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வாசலில் இறங்கியபோதுதான் பார்த்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். இன்னொரு நாள் மறுபடி. அக்கா அவருக்கு வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பிரேக் மிதிக்கிற கால் தூக்கவில்லை என்றார். அக்கா பிரேக்கைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் அனுப்பினார். பிரேக்கில் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் வீட்டிலும் ஒண்ணொண்ணா ஆரம்பித்தது. தரையில் படுப்பதை நிறுத்திக் கட்டில் போட்டார். உப்பைக் குறைத்தார். ஆட்டோ ஓட்டுவதை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச காலம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக உட்காரவைத்தார். போர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கேன் வாங்கினார். பேரணாம்பட்டில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரிடம் கூட்டிப்போனார். ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருந்தார். அவர் வீட்டுக்காரரும் ஒத்துழைத்தார், பாவம். ஒருமுறை என்னைப் பார்த்து, "இந்த வாரம் கத்திரிக்காய நிறுத்தியிருக்காங்கம்மா. போன வாரம் தலகாணி" என்றார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் குழறியது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நாங்கள்தான் நச்சரித்தோம். போனார்கள். ஊசி குத்திப் பார்க்கிற சோதனை, படம், ரத்தம், என்று பல தடவை போய்வந்தார்கள். பாகாயத்தில் அக்காவின் சித்தி வீடு இருந்ததால் அங்கே தங்கிக்கொண்டார்கள்.

ஒரு காலையில் அக்கா வேலைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. தலையில் பூ வைத்திருந்தார். நேராகப் பிளேட் அறைக்கு வந்து, "கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

"நரம்புல இருக்குது. கால்ல இல்ல, முதுகுல இல்ல. அசைவுக்குன்னு தனியா நரம்பு இருக்குதாம், அது வாடிக்கினே வருதாம். அதுக்கு ஒரு பேரு இருக்குது." ஆங்கிலப் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "இத்தினி நாள் நான் செருப்பையும் தலகாணியையும் மாத்திக்கினு இருந்தேன் பாரு. இது வேற எடம்."

"மருந்து?"

"ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வரச்சொன்னாங்க. காரணம் தெரிஞ்சுடுச்சு இல்ல, இனிமே பாத்துக்கலாம்."

அக்கா மை அறைக்குப் போனதும் நான் போனில் அந்தப் பெயரைத் தேடினேன். படித்தேன். இன்னொரு பக்கத்தில் வேறு மாதிரி போட்டிருக்கும் என்று அதையும் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. கால், கை, நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். டாக்டர்கள் அக்காவிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். அக்கா காரணம் வரைக்கும் கேட்டுவிட்டு, அதற்குமேல் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். மத்தியானம் சாப்பிடும்போது தன் டப்பாவிலிருந்து எனக்குக் கத்திரிக்காய்ப் பொரியல் வைத்தார். "இனிமே அவரு சாப்புடலாம்" என்றார்.

அந்த வெயில் காலத்தில்தான் மிஷினும் போனது.

வெள்ளை அட்டையில் வெளிர்நீல எழுத்து, ஒரு பெரிய ஷூ கம்பெனிக்கான லேபிள். வெள்ளையில் தூசி விழுந்தாலே தெரியும். கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் அது. முதல் தாளே மங்கல். அக்கா வழக்கம்போல ஒன்று ஒன்றாகப் போனார். கெட்டியான மை போட்டார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். உருளைகளின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். நான் பிளேட்டைப் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். ஹாலில் இன்னொரு ஏசியை வாடகைக்கு வைத்தார் பாய். எதற்கும் மங்கல் போகவில்லை. சில்லரில் தண்ணீர் நல்ல குளிர்ச்சியாகத்தான் காட்டியது. பாய் தினமும் சாயங்காலம் தொழுகை முடிந்து வந்து, மிஷின் பக்கம் நின்று, "இன்னாம்மா, புடிபட்டுச்சா?" என்பார்.

"பாத்துக்கினு இருக்கேன் பாய்."

"பாரும்மா, பாரு. ஆர்டர் போய்டும். ஆனா நீ பாரு."

வீட்டில் அக்காவின் வீட்டுக்காரர் அப்போது சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்தார். அக்கா காலையில் அவருக்கு எல்லாம் செய்துவிட்டு வருவார். மிஷின் முன்னால் நின்றால் வேறு ஞாபகம் வராது என்பதால்தானோ என்னவோ, அந்த நாட்களில் நேரம் ஆனாலும் கிளம்பவே மாட்டார். டில்லிபாபு அண்ணன்தான் "போம்மா, அவரு தனியா இருப்பாரு" என்று விரட்டுவார்.

ஒருநாள் மிஷினை நிறுத்தியதும் அக்கா மை உருளையின் மேல் கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினார். மறுபடியும் தடவினார். என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து வைத்தார். முனைகள் சில்லென்று இருந்தன. நடுவில் கொதிக்காத குறைதான்.

"தண்ணி உள்ள போகல" என்றார் அக்கா.

டில்லிபாபு அண்ணன் ஒரு உருளையைக் கழற்றி, தண்ணீர் நுழைகிற வாயைத் திறந்தார். உள்ளே வெள்ளைவெளேரென்று உப்பு படிந்து, பழைய பக்கெட்டின் அடி மாதிரி கல்லாகியிருந்தது. ஊசி போகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. சில்லரில் சுத்திகரித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். குறையும்போதெல்லாம் அந்தந்த ஷிப்டில் இருந்தவர்கள் குழாயில் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாயில் வைத்தால் துப்பத் தோன்றும். தோல் பதனிடும் ஷாப்புகளின் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அக்கா அந்த உருளையின் வாயில் விரலை விட்டு உப்பைச் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குத்தான் கடைசியாக அவர் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். பாய்க்கு அவரே போன் செய்தார். "பாய், கெடச்சுடுச்சு. இதுதான். வேற எதுவும் இல்ல." எல்லோருக்கும் டீ சொன்னார். நாங்களும் அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். உப்பு கரைந்தது. கூடவே உருளையின் உள்குழாயும் அரித்துப்போயிருந்தது. தண்ணீரைத் திறந்ததும் உருளையின் வயிற்றில் முத்து முத்தாகக் கசிந்தது. மற்ற உருளைகளிலும் அதே கதை. சென்னையிலிருந்து மிஷின் டீலரின் ஆள் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்க சொன்னது கரெக்ட்தாம்மா. இதான் ஃபால்ட்."

"சரி, எப்ப உருளை வரும்?"

"வராதும்மா. இந்த மாடலை அவங்க நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. எங்கயும் ஸ்டாக் இல்ல, நாங்க தேடிட்டோம்."

"இங்கயே லேத்துல கடைஞ்சு எடுக்க முடியாதா?"

"உள்ள தண்ணி ஓடற உருளைம்மா. ரெண்டு எடத்துல கேட்டுட்டுத்தான் வர்றேன். முடியாதுன்றாங்க."

"காரணம் தெரிஞ்சுபோச்சே தம்பி" என்றார் அக்கா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. வாக்கு கொடுத்துவிட்டு ஏமாற்றிய ஆளிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "எதனாலன்னு தெரிஞ்சுபோச்சே. அப்பறம் இன்னா?"

அந்தப் பையன் என்னையும் டில்லிபாபு அண்ணனையும் பார்த்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து அழுகை கேட்டது; நான் போய்த் தட்டவில்லை. அவர் அழுதது மிஷினுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

மிஷினைப் பழைய இரும்புக்காரர்கள் கழற்றி எடுத்துப் போனார்கள். பாய் பாதி இடத்தை ஷூ மேல்பாகம் தைக்கிற யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டார். டில்லிபாபு அண்ணன் அரக்கோணம் பக்கம் மச்சான் வீட்டோடு போய்விட்டார். எனக்கு ஒரு ஷூ கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற பிரிவில் வேலை கிடைத்தது. அக்காவுக்கும் அங்கே கேட்டேன். வீட்டை விட்டு வர முடியாது என்றுவிட்டார்.

போன மாதம் துத்திப்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து போனேன். அவர் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். உடம்பு துணி மாதிரி கிடந்தது. கண் மட்டும் பழைய ஆட்டோக்காரர் கண்தான், என்னைப் பார்த்ததும் விளையாட்டாகச் சிமிட்டியது. ஆமாம் என்றால் புருவத்தைத் தூக்குவார், இல்லை என்றால் கண்ணை மூடுவார் என்று அக்கா சொல்லிக்கொடுத்தார். நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவரிடம் ஏதேதோ கேட்டேன். என் மகள் நல்லாப் படிக்கிறாள் என்றேன். புருவத்தைத் தூக்கினார்.

அக்கா டீ போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர். வீட்டுக்காரர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு டீன்னா உசுரு" என்றார் அக்கா. "ஆட்டோ ஸ்டாண்டுல ஒரு நாளைக்கு எத்தினி குடிப்பாருன்னு எனக்கே தெரியாது. கால் இழுத்துக்கினு இருந்தப்ப நான்தான் நிறுத்தினேன். ரெண்டு வாரம் பாக்கலாம்னேன். சரின்னாரு. அப்பறம் அடுத்தத நிறுத்தினேன், டீ ஞாபகமே வரல. இவரும் கேக்கல. நான் பாத்துக்கினு இருக்கேன், நடுவுல கேட்டா கணக்கு கெட்டுடும்னு இருந்திருக்காரு. மிஷின் போய் நான் வீட்டோட இருந்தப்பத்தான் ஞாபகம் வந்து போட்டுக் குடுத்தேன். முழுங்க முடியல. புரை ஏறிடுச்சு. டாக்டர் இனிமே வாய் வழியா எதுவும் வேணாம்ட்டாங்க."

நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீ குடி. நீ குடிக்காம இருந்தா அவருக்கு இன்னா வரப்போவுது?"

குடித்தேன். அக்கா எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தன் டீயில் சுண்டுவிரலை நனைத்து, உதறிவிட்டு, வீட்டுக்காரரின் உதட்டை மெல்ல விலக்கி நாக்கு நுனியில் தடவினார். டாக்டர் இதற்கும் சம்மதிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் கண்ணை மூடினார். இல்லை என்கிறாரா, ருசிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அக்கா காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது.

"சக்கரை கம்மியா?"

புருவம் மெதுவாக மேலே போனது.

"சரி, இரு" என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். சர்க்கரை டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.